க்ளெமின் முதுகு ஊசி

என்னால் ஓர் இடத்தில் உட்கார்ந்திருக்க முடியாது. வாலிபம் முழுக்க ஓல்டாம் ஊர்க் கூரைகளில் குனிந்தே ஸ்லேட் ஓடு வேய்ந்த முதுகு இது. கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் இடுப்பில் யாரோ ஆணி அடிக்கிற மாதிரி இருக்கும். முதல் கூட்டத்திலேயே சொல்லிவிட்டேன்.

"நான் எழுந்து எழுந்து நடப்பேன். யாரும் கோவிச்சுக்கக் கூடாது."

தலைவி டாக்டர் வெய்ன் சிரித்தார். "முதுகுவலிக்கு வழி சொல்ற குழு இது. இங்க ஒருத்தராவது நடக்கணும், மிஸ்டர் ஆக்டன். வில்ஃப்னு கூப்பிடலாமா?"

"தாராளமா. வரி ஆபீஸ்காரன் மட்டும்தான் என்னை மிஸ்டர்ங்கறான்."

நாட்டுக்கு நல்லது செய்யவேண்டும் என்று நான் அங்கே போகவில்லை. க்ளெம் போகச் சொன்னான், போனேன். க்ளெம் என்னோடு கூரை ஏறினவன். அவனுக்கும் இதே முதுகு, இதே வலி. ஆஸ்பத்திரியில் வருஷத்துக்கு இரண்டு தடவை முதுகெலும்புப் பக்கத்தில் ஊசி போடுவார்கள். எனக்கும் அதுதான். இந்த ஊசியை ஆஸ்பத்திரிகள் இனிமேல் போடலாமா கூடாதா என்று மான்செஸ்டரில் ஒரு தேசியக் குழு உட்கார்ந்து முடிவு செய்யப்போகிறது, டாக்டர்களும் நர்சுகளும் போக நோயாளிகள் தரப்பில் இரண்டு பேர் வேண்டுமாம் என்று அவன்தான் எங்கேயோ பார்த்துவிட்டு வந்தான்.

"நீ போடா. யாரையும் நம்பாத ஆளு நீ. அங்க அப்படி ஒருத்தன்தான் வேணும்."

"என்னையா? நான் பள்ளிக்கூடத்துப் பக்கம் போனதே அதோட கூரையை மாத்தத்தான்."

"வாய் இருக்கில்ல? போயி நம்ம ஊசியைக் காப்பாத்திட்டு வா."

அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவன் பெண்டாட்டி முரியலுக்குப் புத்தி தடம் மாறிவிட்டது. மேட்டுத் தெரு உச்சியில் இருக்கிற முதியோர் இல்லத்தில் இருக்கிறாள். மற்ற எவர் கரண்டி நீட்டினாலும் வாயைத் திறக்கமாட்டாள், க்ளெமுக்குத் திறப்பாள். அந்த ஏற்றத்தில் பஸ் கிடையாது. தினமும் மத்தியானம் அவன் நடந்து ஏறிப்போய் சூப் ஊட்டிவிட்டு வருவான். ஊசி போட்ட புதிதில் விசிலடித்துக்கொண்டு ஏறுவான். அதன் வேகம் குறையக் குறைய பாதி வழியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பான்.

"ஊசி நின்னா நானும் நின்னேன்டா" என்றான். "அப்புறம் அவளுக்கு யார் ஊட்டறது?"

படித்தவர்கள் கூட்டம் என்றாலே எனக்கு நம்பிக்கை கிடையாது. செலவைக் குறைக்கத்தான் இவ்வளவு நாடகமும் என்று நினைத்துக்கொண்டுதான் டிராம் ஏறினேன். ஆனால் அங்கே ஒரு வழக்கம் எனக்குப் பிடித்துப்போனது. ஒவ்வொரு கூட்டமும் தொடங்குமுன் ஒவ்வொருவரும், இந்த விஷயத்தில் தனக்கு என்ன லாபம், யாரோடு என்ன தொடர்பு என்று எல்லோர் முன்னாலும் வாய்விட்டுச் சொல்லவேண்டும். ஒரு நர்ஸ், மருந்துக் கம்பெனி கொடுத்த மதியச் சாப்பாட்டைச் சாப்பிட்டதாகச் சொன்னார்.

"என்ன போட்டாங்க?" என்று கேட்டேன்.

"காய்ஞ்சு போன கோழி."

"அப்ப நீங்க அவங்களுக்கு எதிரிதான் ஆவீங்க, வேண்டியவங்க எப்படி ஆவீங்க?"

கில்கிரிஸ்ட் என்று ஒரு சர்ஜன். எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் முதுகு ஊசி போடுகிறவர் அவர்தான். எனக்கும் க்ளெமுக்கும் போட்டவரும் அவரே. தனக்குச் சொந்த கிளினிக் இருக்கிறது, அங்கேயும் காசுக்கு அதே ஊசியைப் போடுகிறேன் என்றார். "சரி, ஊசி விஷயம் வரும்போது கேட்டதுக்குப் பதில் சொல்லிட்டு வெளிய இருங்க" என்றார் தலைவி. அவ்வளவு பெரிய மனிதர் மூக்குக்கண்ணாடியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்து போனார். என் தொழிலில் இந்த வழக்கம் இருந்திருந்தால் பாதிக் காண்டிராக்டர்கள் தெருவில்தான் நின்றிருப்பார்கள்.

ப்ரோனா என்று ஒரு பெல்ஃபாஸ்ட்காரி இருந்தாள். உலகத்தில் எங்கெங்கே இந்த ஊசியைச் சோதித்திருக்கிறார்களோ அத்தனையையும் தேடியெடுத்துக் கூட்டிக் கழித்துப் படம் போட்டுக் காட்டுவது அவள் வேலை. நடந்துகொண்டே அவள் முதுகுக்குப் பின்னால் போய் நின்று திரையைப் பார்த்தேன். நடுவில் மேலிருந்து கீழே ஒரு கோடு. அதன் இரண்டு பக்கமும் குறுக்கே சின்னச் சின்னக் கோடுகள். எல்லாவற்றுக்கும் அடியில் சீட்டுக்கட்டு டைமன் மாதிரி ஒன்று.

"பாதிப் பேருக்கு மருந்து ஊசி, பாதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணி ஊசி. யாருக்கு எதுன்னு போடறவங்களுக்கும் தெரியாது, போட்டுக்கறவங்களுக்கும் தெரியாது" என்றாள். "இந்தப் பக்கம்னா மருந்து ஜெயிச்சுது. அந்தப் பக்கம்னா உப்புத் தண்ணி. எல்லாச் சோதனையையும் ஒண்ணாச் சேர்த்தா வர்றது இந்த டைமன்."

"அது நடுக்கோட்டு மேலயே குந்தியிருக்கே."

"அதான் விஷயமே. ரெண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி எழுந்து நடந்திருக்காங்க."

"கொஞ்சம் இந்தப் பக்கமா நகர்த்தக் கூடாதா?"

"நகர்த்தினா என் சீட்டைக் கிழிச்சிருவாங்க, வில்ஃப்."

"சும்மா சொல்லாதே. காசை மிச்சம் பண்ணத்தானே இதெல்லாம்?"

"காசுக் கணக்குக்காரர் அதோ அங்க உக்காந்திருக்கார். இன்னும் வாயே திறக்கலை. வேலை செய்யுமான்னே தெரியாத சாமானுக்கு யாராவது விலை விசாரிப்பாங்களா?"

எனக்குக் கடுப்பாக இருந்தது. மேஜையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன்.

அவள் ஒவ்வொரு சோதனையாகப் படித்துக்கொண்டே போனாள். ஸ்வீடன், ஹாலந்து, அப்புறம் எங்கள் ஊர் ஆஸ்பத்திரியின் பெயர். நான் நடக்கிறதை நிறுத்திவிட்டேன்.

"அதுல நான் இருந்தேன்."

தலைவி பேனாவைக் கீழே வைத்தார். "எதுல? சோதனையிலயா?"

"நானும் க்ளெமும். பக்கத்துப் பக்கத்துப் படுக்கை. என் முதல் ஊசியே அதுதான்."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே?"

"என்ன லாபம்னுதானே கேட்டீங்க? ஒரு டீயும் ரெண்டு பிஸ்கட்டும் குடுத்தாங்க. அது லாபத்துல சேத்தியா?"

சிரிப்பு எழுந்தது. தலைவி மட்டும் சிரிக்கவில்லை. டாக்டருக்கு விதி இருந்தது, கம்பெனிக்காரனுக்கு விதி இருந்தது. கணக்குக்குள்ளேயே இருக்கிற ஆள் கணக்குப் பார்க்க வந்து உட்கார்ந்தால் என்ன செய்வது என்பதற்கு அவர்களிடம் விதியே இல்லை. "மேல கேட்டுட்டு வர்ற வரைக்கும் கொஞ்சம் வெளிய இருங்க, வில்ஃப்" என்றார்.

வெளியே நடையில் கில்கிரிஸ்ட் ஜன்னல் ஓரமாக நின்று கீழே போகிற டிராமைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களையும் துரத்திட்டாங்களா?" என்றார்.

"உங்க கைவண்ணம்தான். அந்தச் சோதனையில நான் இருந்தேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எது போட்டாங்கன்னு கேட்டீங்களா?"

"எதுக்குக் கேக்கணும்? மருந்துதான். இல்லாட்டி எப்படி எழுந்து நடந்திருப்பேன்?"

"இப்பக் கேட்டா சொல்லுவாங்க. சோதனை முடிஞ்சு எவ்வளவோ காலமாச்சு."

"நீங்க சொல்லுங்களேன். போட்டவர் நீங்கதானே."

"எனக்கே தெரியாமத்தான் போட்டேன்." மூக்குக்கண்ணாடியை எடுத்துத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ஊசி போட்டுட்டு நான் தோள்ல கை வெப்பேன். 'இனிமே நல்லா நடப்பீங்க'ம்பேன். நடக்க வெச்சது ஊசியா, அந்தப் பேச்சான்னு எனக்கே புரியலை."

"கிளினிக்ல ரெண்டுக்கும் சேர்த்தா பில் போடறீங்க?"

கோபப்படுவார் என்று நினைத்தேன். படவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

நான் உள்ளே இருக்கலாம் என்று மேலிடம் சொல்லிவிட்டது. திரும்பிப் போனதும் ப்ரோனா மெதுவாக, "உங்களுக்குக் கிடைச்சது எது, வில்ஃப்?" என்றாள்.

"மருந்து. என் உடம்பு எனக்குத் தெரியாதா?"

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் என்னைக் குடைந்தது. வீட்டில் நிற்க முடியவில்லை, படுக்க முடியவில்லை. கடைசியில் ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கேட்டேன். பதில் வருகிற வரைக்கும் பூங்காவில் நானும் க்ளெமும் எங்கள் கிளப் ஆட்களோடு பந்து உருட்டி விளையாடுகிற புல்தரையைச் சுற்றிச் சுற்றி வந்தேன். "புல்லு செத்துரும், போய் உக்காரு" என்று தோட்டக்காரன் வைதான். ஒரு நாள் போன் வந்தது. ஒரு பெண் நிதானமாகச் சொன்னாள்: மருந்து.

அப்படியே பூங்காவுக்கு ஓடினேன். ஓடினேன் என்றால் என் முதுகு ஓடவிட்ட அளவுக்கு. க்ளெம் குனிந்து பந்து உருட்டிக்கொண்டிருந்தான்.

"எனக்கு மருந்துதான்டா! சொன்னேன்ல? நீயும் கேளு. ரெண்டு பேர்னா கேஸ் இன்னும் பலமாயிரும்."

ஒரு வாரம் கழித்து அவனும் கேட்டுவிட்டான். "எனக்கும் மருந்துதான்" என்றான். என்னைப் பார்க்கவில்லை. உருட்டிய பந்து வளைந்து போகிறதையே பார்த்துக்கொண்டிருந்தான். "அங்க போய்ச் சொல்லு."

டீக்கடையில் பாலைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் ஊற்றச் சொல்வேன் நான். ஆனாலும் க்ளெம் சொன்னதை ஒரு நாளும் முகர்ந்து பார்த்ததில்லை. ஈரக் கூரையில் என் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவன் அவன்.

முடிவு எடுக்கிற கூட்டம் வந்தது. ஒரே ஊர், அடுத்தடுத்த படுக்கை, இரண்டு பேருக்கும் மருந்து, இரண்டு பேரும் எழுந்து நடந்தார்கள் என்று மனப்பாடம் பண்ணிக்கொண்டு டிராம் நிறுத்தத்தில் முன்னும் பின்னும் நடந்துகொண்டிருந்தேன். தெருக்கோடியில் க்ளெம் வந்தான். வீட்டுச் செருப்போடு, கோட்டுப் பொத்தான் போடாமல், மூச்சு இரைக்க வந்தான்.

"நான் சொன்னதை அங்க சொல்லாதே."

"எதை?"

"உப்புத் தண்ணி."

"யாருக்கு?"

"எனக்குத்தான்டா, மடையா!"

டிராம் வந்து நின்றது, கதவு திறந்தது, மூடியது, போனது. நாங்கள் நின்ற இடத்திலேயே நின்றோம்.

"அன்னிக்கே சொல்லித் தொலைக்கறதுக்கு என்ன?"

"சொல்லியிருந்தா ஊசிக்காக வாதாடியிருப்பியா நீ?"

"அப்ப இப்ப மட்டும் எதுக்கு சொல்றே?"

"நேத்து முரியலுக்கு ஊட்டிக்கிட்டு இருந்தேன். நம்பி நம்பி வாயைத் திறக்கறா பாவம். சட்டுனு உன் ஞாபகம் வந்துது." தலையைக் குனிந்துகொண்டான். "உடைஞ்ச ஸ்லேட்டை மறைச்சு வெச்சுட்டுக் கூரையை விட்டு நீ ஒரு நாளும் இறங்கினதில்லடா. என் பொய்யை நீ சுமந்துட்டுப் போக வேண்டாம்."

எனக்கு அவனை அறையலாம் போலிருந்தது. அறைவதற்குப் பதிலாக, "அந்தச் சோதனை ஊசி போட்ட வருஷம் முதல்ல திரும்பக் கூரை ஏறினது யாரு?" என்று கேட்டேன்.

யோசித்தான். "நான்தான். நீ கீழ நின்னு வயிறெரிஞ்சே."

"உப்புத் தண்ணியில ஏறியிருக்கே!"

அவனுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. என் கையைப் பிடித்தான். "ஆனா இப்ப எனக்குப் போடறது நெஜ மருந்துடா. அதை எடுத்துடாதீங்க. ஏற முடியாது என்னால."

அன்று கூட்டத்தில் என்னால் ஒரு நிமிஷம்கூட உட்கார முடியவில்லை. ஊசி விஷயம் வந்தது. கில்கிரிஸ்ட் வெளியே போனார். தலைவி என் பக்கம் திரும்பினார். "வில்ஃப்? விசாரிச்சீங்களா?"

"எனக்கு மருந்து" என்றேன். ப்ரோனா தலையசைத்தாள். க்ளெமுக்கு என்ன கிடைத்தது என்று யாரும் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. நான் திரையைப் பார்த்தேன். எங்கள் ஊர்ச் சோதனையின் சின்னக் கோடு நடுக்கோட்டைக் குறுக்கே வெட்டிக்கொண்டு கிடந்தது. நானும் க்ளெமும் ஏற்கெனவே அதற்குள் இருந்தோம், அவன் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். நான் புதிதாகச் சொல்ல அதில் ஒன்றுமில்லை. நான் வாதாட வந்த கேஸை என் முதுகும் அவன் முதுகும் என்றைக்கோ சொல்லி முடித்திருந்தன.

"ஊசியைப் பத்தி எனக்குச் சொல்ல வேற ஒண்ணும் இல்லை" என்றேன். "ஆனா இது இல்லாட்டி வேற என்ன? இதை நம்பி மேடு ஏறற ஆளுங்க இருக்காங்க. ஊசியைப் பிடுங்கிட்டு வெறுங்கையோட அனுப்பப் போறீங்களா?"

ப்ரோனா வேறொரு படத்தைப் போட்டாள். குழுவாகச் சேர்ந்து செய்கிற உடற்பயிற்சி. அதில் டைமன் நடுக்கோட்டை விட்டுச் சற்றுத் தள்ளி இருந்தது. ரொம்ப இல்லை, ஒரு நகக்கண் அளவு.

"அப்ப அதைக் குடுக்கணும்னு எழுதுங்க. நடந்து போற தூரத்துல குடுக்கணும்னு எழுதுங்க. கார் இல்லாதவன் எங்க போவான்?"

இங்கேதான் இழுபறி. அந்தக் குழுவில் ஆதாரம் உறுதியாக இருந்தால் ஒரு சொல், வலுவில்லாமல் இருந்தால் வேறொரு சொல். 'கொடுங்கள்' என்றால் ஆஸ்பத்திரி கொடுத்தே ஆகவேண்டும். 'கொடுப்பதைப் பற்றி யோசியுங்கள்' என்றால் யோசித்துவிட்டு விட்டுவிடலாம். உடற்பயிற்சிக்குக் 'கொடுங்கள்' கிடைத்தது. நடை தூரத்துக்கு ஆராய்ச்சி எதுவும் இல்லையாம்.

"செங்குத்தான மேட்டை ஏற முதுகு வேணுங்கறதுக்குமா ஆராய்ச்சி?" என்று கத்தினேன்.

"ஆதாரம் இல்லாம உறுதியா எழுத ஆரம்பிச்சோம்னா, நாளைக்கு வேறொருத்தர் வந்து ஊசிக்கும் அதையே கேப்பார், வில்ஃப்" என்றார் தலைவி. அவர் முகமும் களைத்துத்தான் இருந்தது. கடைசியில் நடை தூரத்துக்கு 'யோசியுங்கள்' கிடைத்தது. ஊசிக்குக் 'கொடுக்காதீர்கள்'.

முடிவு வெளியாகும் வரைக்கும் கூட்டத்தில் பேசினதை வெளியே மூச்சுவிடக் கூடாது. க்ளெம் தினமும் கேட்டான்.

"என்னடா ஆச்சு?"

"மழை வரும் போல இருக்கு."

"வானத்தைக் கேக்கலடா, ஊசியைக் கேட்டேன்."

"காத்தும் பலமா அடிக்குது."

முகத்தைப் பார்த்தே அவனுக்குத் தெரிந்திருக்கும். முடிவின் முன்வரைவு வெளியானதும் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டான். அதை எதிர்த்து யார் வேண்டுமானாலும் எழுதலாம். வருகிற ஒவ்வொன்றுக்கும் குழு பதில் சொல்லியே ஆகவேண்டும். எங்கள் பந்து கிளப் சார்பில் வந்த கடிதத்தை ப்ரோனா படித்தாள்: "எங்கள் ஊர்க்காரர் ஒருவர் உங்கள் நடுவில் இருக்கிறார். கூரை மேல் இருந்த காலத்தில் அவர் தைரியசாலியாக இருந்தார்." எல்லோரும் மேஜையைப் பார்த்தார்கள். நான் ஜன்னலுக்கும் கதவுக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தேன். கிளப்புக்கு மரியாதையாகத்தான் பதில் போனது. முடிவு மாறவில்லை.

அடுத்த முறை க்ளெம் ஆஸ்பத்திரிக்குப் போனபோது ஊசி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். சர்ச் ஹாலில் உடற்பயிற்சி வகுப்பு இருக்கிறது, போங்கள் என்றார்களாம். எங்கள் ஊர் ஆஸ்பத்திரி நடை தூரத்தைப் பற்றி யோசித்திருந்தது. எல்லா ஊரும் யோசித்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

அவன் வகுப்புக்குப் போகிறான் என்று மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். ஒரு மத்தியானம் மேட்டுத் தெரு அடிவாரத்தில் காத்திருந்தேன். கையில் சூப்புப் பாத்திரப் பையோடு வந்தான். என்னைக் கண்டும் நிற்கவில்லை. நானும் கூடவே ஏறினேன். தபால் பெட்டி தாண்டினதும் அவன்தான் முதலில் வாய் திறந்தான்.

"உன் சர்ச் ஹால்ல ஒரு பொண்ணு என்னைக் கொக்கு மாதிரி ஒத்தைக் கால்ல நிக்கச் சொல்றா" என்றான், என்னைப் பார்க்காமலே.

"நின்னியா?"

"விழுந்தேன். பக்கத்துல இருந்த கிழவி மேல. அவ சிரிச்சுட்டா."

"இதுக்கு ஆதாரம் இருக்குடா. டைமனை நானே பார்த்தேன்."

"அந்த டைமனைக் கரைச்சுக் குடிச்சுட்டுப் படு."

பாதி வழியில் நின்றுவிட்டான். சுவரைப் பிடித்துக்கொண்டான். முகம் வெளுத்திருந்தது. நான் கையை நீட்டினேன். தட்டிவிட்டான். ஆனால் பையை மட்டும் கொடுத்தான். வாங்கிக்கொண்டேன். சூடு துணி வழியாகக் கையில் பட்டது.

"ஊசி இருந்திருந்தா இந்நேரம் மேல இருந்திருப்பேன்" என்றான்.

"இருந்திருப்பே."

"நெஜமாச் சொல்றியா?"

"தெரியலடா. யாருக்கும் தெரியலே."

என்னை முறைத்தான். அப்புறம் சுவரை விட்டுவிட்டு ஏற ஆரம்பித்தான். நாலு அடி, ஒரு நிறுத்தம். மறுபடி நாலு அடி. அவன் நிற்கும்போதெல்லாம் என்னால் சும்மா நிற்க முடியாமல் அவனைச் சுற்றி நடந்தேன். "ஈ மாதிரி சுத்தாதேடா" என்றான்.

இல்லத்து வாசலில் பையைப் பிடுங்கிக்கொண்டான். "நேரமாயிருச்சு. வாயைத் திறக்கறாளோ என்னவோ" என்று முணுமுணுத்தபடி உள்ளே போனான். வெளியே ஒரு பெஞ்சு இருந்தது. அதில் நான் உட்காரவில்லை. கார் நிறுத்துகிற இடத்தில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்துகொண்டிருந்தேன், அவன் காலிப் பாத்திரத்தோடு வருகிறானா என்று கதவையே பார்த்துக்கொண்டு.